ஆள் பெயரில் குழு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு மேற்கத்திய இசைத்தட்டுகள் நன்கொடையாக வந்துள்ளன. டேவ் புரூபெக் குவார்டெட், சன்டானா, ஆலிஸ் கூப்பர் என்று ஆளின் பெயரே குழுவுக்கும் இருக்கிறது. மார்க் 21 (நூலகப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வடிவம்) பதிவில் ஆள் பெயருக்கான 100-ஆம் புலத்தில் போடுவதா, அமைப்பின் பெயருக்கான 110-இல் போடுவதா? ‘புரூபெக், டேவ்’ என்று திருப்பி எழுதலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குழுவின் பெயரைத் திருப்பாதீர்கள். ‘டேவ் புரூபெக் குவார்டெட்’ ஓர் அமைப்பின் பெயர். முன்னால் வரும் ‘தி’யை விட்டுவிட்டு, உறையில் உள்ள வரிசையிலேயே எழுதி, புல எண்ணை அடுத்து வரும் குறியீட்டு இலக்கமான முதல் இன்டிகேட்டரில் 2 போடுங்கள். 0 என்பது தலைகீழாக எழுதிய பெயர்களுக்கானது. ஆள் பெயரைக் கண்டதும் 0 போட்டுத் திருப்பினால் ஒரே குழு பட்டியலில் இரண்டு இடத்தில் நிற்கும். ‘புரூபெக்’ என்று தேடுபவருக்காகக் குழுவின் அத்தாரிட்டி பதிவில் (பெயரின் நிலையான வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் காட்டும் பதிவு) 410-இல் மாற்றுப் பெயரையும், 500-இல் டேவ் புரூபெக்கின் இணைப்பையும் கொடுத்தால் போதும்.

100-ஆ 110-ஆ என்பதைப் பாடல்களை இயற்றியவர் யார் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தட்டு முழுவதும் புரூபெக் இயற்றியதென்றால் 100-இல் அவர், கூடுதல் அமைப்புப் பெயருக்கான 710-இல் குழு. 1959-இல் வந்த ‘டைம் அவுட்’ அப்படியல்ல; அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ பால் டெஸ்மண்ட் இயற்றியது. அதற்கு 110-இல் குழு.

குவார்டெட், ஆர்கெஸ்ட்ரா, பேண்ட் என்ற சொல் பெயரிலேயே இருந்தால் அது குழு என்று சொல்லும் விளக்கச் சொல் வேண்டாம். சன்டானா, பான் ஜோவி போன்றவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் ‘மியூசிக்கல் குரூப்’ சேர்ப்பது அவசியம். ஜெத்ரோ டல் குழுவிலோ அந்தப் பெயரில் யாருமே இல்லை. அந்தப் பெயருக்குரியவர் 1741-இல் இறந்த ஆங்கிலேய வேளாண் அறிஞர். உறுப்பினர் என்று இணைத்துவிடாதீர்கள்.

அதிகம் தவறுவது ஆலிஸ் கூப்பரில்தான். முதலில் அது குழுவின் பெயர். பாடகர் வின்சென்ட் ஃபர்னியர் பிறகு அதையே தன் பெயராக்கிக்கொண்டார். ‘கில்லர்’ (1971), ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ (1973) குழுவுடையவை; 1975-இன் ‘வெல்கம் டு மை நைட்மேர்’ தனிநபருடையது. உறையில் எழுத்து ஒன்றேதான். ஆண்டையும் வாசித்தவர்கள் பட்டியலையும் பார்க்காமல் பிரிக்க முடியாது. வெளியிலிருந்து இறக்கிய பட்டியல் பதிவுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம், ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

பெயருக்குரியவரைக் கூடுதல் ஆள் பெயருக்கான 700-இல் கலைஞராகச் சேர்ப்பது அவர் அந்தத் தட்டில் வாசித்திருந்தால் மட்டுமே. கிளென் மில்லர் 1944 டிசம்பரில் விமானத்தோடு காணாமல் போனார். 1956-இல் ரே மெக்கின்லி தலைமையில் கிளென் மில்லர் ஆர்கெஸ்ட்ரா மீண்டும் தொடங்கியது. அதன் பிந்தைய ஒலிப்பதிவுகளில் மில்லரைக் கலைஞராகக் காட்டக்கூடாது. மெட்டோ இசைக்கோர்வையோ அவருடையதாக இருந்தால் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டுச் சேர்க்கலாம்.