மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். எல்எஃப்பி பேட்டரியா, என்எம்சி பேட்டரியா?

எல்எஃப்பி. தினமும் ஊருக்குள், எப்போதாவது வெளியூர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இது போதும். மதுரையில் எங்கள் வீட்டுக் காரும் எல்எஃப்பிதான், மூன்றாவது வருடமாக ஓடுகிறது.

என்எம்சியில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் இருக்கும். அதே எடைக்கு மின்சாரம் அதிகம் பிடிக்கும், ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கூடும். எல்எஃப்பியில் இருப்பது இரும்பும் பாஸ்பேட்டும். கனம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. பேட்டரி செல் சூடேறினாலும் ஆக்சிஜன் லேசில் பிரிந்து வந்து தீயை வளர்க்காது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் எரியக்கூடியது. ஆபத்து குறைவு. ஆயுளும் பொதுவாக அதிகம்.

இரும்பு மலிவு என்பது எப்போதும் தெரிந்ததுதான். வோல்டேஜ்தான் இடித்தது: இரும்பு ஆக்சைடில் 2.5 வோல்ட்கூட வராது. 1980களின் கடைசியில் விஞ்ஞானிகள் ஜான் குடினஃபும் ஆறுமுகம் மந்திரமும் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஆக்சைடுக்குப் பதில் சல்பேட்டைப் போட்டு, அதே இரும்பில் 3.6 வோல்ட் எடுத்தார்கள். அந்த வழியில் போய்த்தான் 1997இல் குடினஃப் குழு இரும்பு பாஸ்பேட்டை, அதாவது எல்எஃப்பியை, அறிவித்தது. மந்திரம் மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019இல் குடினஃபுக்கு 97 வயதில் நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே. எங்கள் ஊரில் படித்தவர் என்று நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

சரி, வாங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். செல்போனுக்குச் செய்வதுபோல அப்பா தினமும் 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். சில வாரங்களில் சார்ஜ் மீட்டர் தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் 20 காட்டிக்கொண்டிருந்தது, அடுத்த தெருவுக்குள் 11 ஆனது. பேட்டரி போய்விட்டது என்றே பயந்தோம். காரணம் வேறு: எல்எஃப்பியில் சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. முழுசாக நிரம்பும்போதுதான் கணக்கு நேராகும். வாரம் ஒருமுறை 100 வரை போட ஆரம்பித்தோம், சரியாகிவிட்டது. என்எம்சி என்றால் அப்பா செய்தது சரி, அன்றாடத்துக்கு 80 போதும்.

அப்புறம், ஷோரூமில் “லித்தியம் பேட்டரி” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இரண்டுமே லித்தியம்தான். எந்த வகை என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.