ஆய்வகத்தில் மாணவிகள் நோட்டு எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். எப்படி மாற்றுவது?

இதைக் கேட்ட ஆசிரியரின் நிலவரம் இது: இருபாலர் பள்ளி, எட்டாம் வகுப்பு, 40 பேர், எலக்ட்ரானிக்ஸ் கிட் பத்துதான். நாலு பேருக்கு ஒரு கிட். பையன் ஒயரைச் செருகுகிறான், பெண் "கையெழுத்து நல்லா இருக்கும்" என்ற காரணத்துக்காக நோட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

இதை ஆர்வக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். கருவி யார் கையில் எத்தனை நிமிஷம் இருந்தது என்பதுதான் கணக்கு. மகளிர் தினப் பேச்சும் சுவரொட்டியும் அந்த நிமிஷத்தைக் கூட்டாது.

முதல் வேலை, குழுவை உடைப்பது. இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்குங்கள். பாதி வகுப்பு மேசையில், மீதிப் பாதி சுற்றுப்படம் வரைந்து மின்தடை கணக்குப் போடட்டும். பிறகு இடம் மாறட்டும். இப்போது இரண்டு பேருக்கு ஒரு கிட். முதல் மாதம் பெண்ணோடு பெண், பையனோடு பையன். கலப்பு ஜோடியில், வீட்டில் ஏற்கெனவே ரிமோட்டைக் கழற்றிப் பார்த்தவன் கைக்கே கிட் போய்ச் சேரும். ஒரு மாதத்துக்குப் பிறகு கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் "பொண்ணுங்க மேசை" என்று ஒன்று நிலைத்துவிடும்.

ஜோடிக்குள் ஒருவர் 'கை', மற்றவர் 'வாய்'. வாய் படத்தைப் பார்த்து எந்தத் துளை என்று சொல்ல வேண்டும், தொடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு மணி. அடித்ததும் பாதியில் நிற்கும் சுற்றை அப்படியே விட்டு ஆள் மாற வேண்டும். இது சொதப்புவது கடைசி ஐந்து நிமிஷத்தில்தான்: "முடிக்கணும் சார்" என்று வேகமானவர் பிடுங்கிக்கொள்வார். முடித்ததற்கு மதிப்பெண் வைக்காதீர்கள், பிழையைக் கண்டுபிடித்ததற்கு வையுங்கள். பிடுங்கக் காரணமே போய்விடும்.

பயம் தனி விஷயம். பல மாணவிகள் தள்ளி நிற்பது 'கெட்டுப்போனா நாமதான் பதில் சொல்லணும்' என்பதால். அதனால் முதல் வகுப்பில் ஆசிரியரே ஒரு எல்ஈடியைக் கெடுத்துக் காட்டட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியில் மின்தடை இல்லாமல் நேராக வைத்தால் பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். அடுத்து 470 ஓம் மின்தடை சேர்த்துக் காட்டுங்கள். சிவப்பு எல்ஈடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட், 470 ஓமால் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். நிம்மதியாக எரியும். விலை ஓரிரு ரூபாய்தான் என்பதைச் சொல்லி, வருஷத்துக்கு நூறு எல்ஈடி 'கெடுப்பதற்கு' என்று தனி டப்பாவில் வைத்துவிடுங்கள்.

எரியாத எல்ஈடிக்குப் பெரும்பாலும் மூன்றே காரணம்: நீளமான கால் பேட்டரியின் எதிர்முனையில் இருக்கும், இரண்டு காலும் பிரெட்போர்டில் (ஒயரைச் செருகும் துளைப் பலகை) உள்ளே இணைந்த ஒரே ஐந்து துளை வரிசையில் இருக்கும், அல்லது ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டுபட்ட போர்டாக இருக்கும். இதைப் பெண்ணே தேடட்டும். இங்கே ஆசிரியர்கள் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. பையன் கேட்டால் "யோசிடா" என்பார்கள். பெண் கேட்டால் "கொடும்மா" என்று வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். அன்பால்தான், ஆனால் கருவி கைமாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேளுங்கள். பதிலுக்கு மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

அடுத்து, ஒரு முழு வேலை: தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் பஸ்ஸர். பிசி 547 டிரான்சிஸ்டர் (சின்ன மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்துவிடும் சுவிட்ச் மாதிரி), 1 கிலோ ஓம் மின்தடை, 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், இரண்டு கம்பி போதும். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருந்தால் இடமிருந்து மூன்று காலின் பெயர் கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள், இன்னொரு கம்பி தண்ணீரிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு, பஸ்ஸர் நேர்முனைக்கும் கலெக்டருக்கும் நடுவில், எமிட்டர் எதிர்முனைக்கு. சத்தம் மெலிசாக வந்தால் கம்பிகளை நெருக்கி வையுங்கள். செம்புக் கம்பி தண்ணீரிலேயே கிடந்தால் நேர்முனைப் பக்கம் அரித்துப் பச்சை பூக்கும். நேர்மின்சாரம் செய்யும் மின்னாற்பகுப்பு அது, வேதியியல் பாடத்துக்கே கொண்டுபோகலாம். எவர்சில்வர் கம்பி மாட்டினால் அதிக நாள் தாங்கும். (இதைப் 'பெண்களுக்கான புராஜெக்ட்' என்று பிரிக்காதீர்கள். எல்லோருக்கும் இதுவே.)

சால்டரிங்கில் (சூடான கம்பியால் ஈயத்தை உருக்கி ஒட்டுவது) "துப்பட்டா, வேண்டாம்மா" என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். துப்பட்டாவைப் பின்னால் குத்தி, முடியைக் கட்டி, மேலே ஒரு கோட். முடிந்தது. ரோபோ கிளப்பைச் சாயங்காலம் வைத்தால் பஸ்ஸுக்காகப் பெண்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். பள்ளி நேரத்துக்குள்ளேயே வையுங்கள்.

முன்னோடிகளைச் சொல்வதானால் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். மழைமானி நடத்தும் அன்று, இந்திய வானிலைத் துறையில் சுமார் நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்திய அன்னா மணி வரட்டும். தோல்வி பேசும் நாளில் ஆசாதிசாட்: 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த செயற்கைக்கோள். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவியபோது ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடாததால் வீணானது. 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்தது போய்ச் சேர்ந்தது.

பலன் தெரிய, மாதம் ஒருமுறை சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். இருக்கை வரைபடத்தில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, அந்த நொடியில் கருவியைத் தொட்டிருப்பவர் பெயரில் ஒரு கோடு. வகுப்பு முடிந்து மேசையைத் துடைப்பவர் பெயரிலும் ஒரு கோடு, வேறு மையில்.