பனிக்காலம் முடிந்ததும் புல்தரையில் துளை போட வேண்டுமா? கோவையில் எப்போது, எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. சரவணம்பட்டிப் பக்கம் வீடு, முன்புறம் ஒரு சென்ட் அளவுக்குக் கொரியன் புல். சிகாகோவில் இருக்கும் மகன், "குளிர் முடிஞ்சு மார்ச் வந்துடுச்சு, ஏரேஷன் பண்ணிடுங்கப்பா" என்கிறார். இறுகிய மண்ணில் துளை போட்டு வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வழிவிடுவதுதான் ஏரேஷன். மார்கழி, தை பனியில் புல் மஞ்சளடித்துவிட்டது, மண்ணும் கெட்டியாக இருக்கிறது. இப்போது துளை போடலாமா?

இப்போது வேண்டாங்க. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்யட்டும். அப்போதும், மண் நிஜமாகவே இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மகன் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். அங்கே கென்டக்கி ப்ளூகிராஸ், ரை, ஃபெஸ்க்யூ என்று குளிரை விரும்பும் புல் வகைகள். 15 முதல் 24 டிகிரி வரை இருந்தால் செழித்து வளரும். குளிர்காலத்தில் மண்ணே உறைந்து கிடந்து, வசந்தத்தில் இளகியதும் புல் எழும். அந்த வேகத்தில் துளைகளும் மூடிக்கொள்ளும். அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது செப்டம்பரைத்தான். வசந்தத்தில் துளை போட்டால் புல்லோடு சேர்ந்து களையும் முளைத்துவிடும்.

நம்முடைய கொரியன் புல், மெக்சிகன் புல், பெர்முடா எல்லாம் வெயில் சாதி. 27 டிகிரிக்கு மேல் போனால்தான் அவற்றுக்கு உற்சாகம். பெர்முடா என்பது நம்ம அருகம்புல்லின் உறவுதான். "காட்டுல அருகு பிடுங்கியே எங்க காலம் போச்சு, நீங்க காசு குடுத்து வாங்கி வளத்தறீங்க" என்று எங்கள் தெரு அம்மிச்சி ஒருவர் சொல்வார். பதில் சொல்ல முடியாது!

தை மாதம் கோவையில் விடிகாலை 18 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. உறைபனி எல்லாம் ஊட்டிக்குத்தான். இந்தக் குளிரில் புல் சாகாது, வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கும். துளை போடுவது புல்லின் வேரை அறுக்கிற வேலை. அறுபட்டது ஆற வேண்டுமென்றால் புல் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். மாசி, பங்குனியில் காற்றில் ஈரமே இல்லாதபோது துளை போட்டால், துளையின் ஓரம் உள்ளே வரை காய்ந்துபோகும். சித்திரையில் நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மிதித்தால் காலில் சேறு ஒட்டாத பதத்தில் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்க ஆரம்பிப்பதற்குள் புல் தேறிவிடும். அதைத் தவறவிட்டால் புரட்டாசி. ஐப்பசி அடைமழையில் சேற்றை மிதித்துக்கொண்டு செய்தால் இருக்கிற இறுக்கம் இன்னும் கூடும்.

மண் இறுகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கையால் அழுத்துங்கள். மூன்று அங்குலம் சுலபமாக இறங்கினால் உங்கள் பிரச்சினை வேறு. காய்ந்த மண்ணில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். காய்ந்தால் எந்த மண்ணும் கல்தான்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஒரு மூலையில் மண்வெட்டியால் ஒரு துண்டை ஆழமாக வெட்டி எடுத்து, பக்கவாட்டில் பாருங்கள். புது வீடுகளில் நான் பார்த்த வரை கதை ஒன்றுதான்: கட்டிட வேலை முடிந்ததும் உடைந்த செங்கல், சிமெண்ட் கலவை, ஜல்லி எல்லாவற்றையும் அங்கேயே பரப்பி, லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கிய தரைமேல் நான்கு அங்குலம் செம்மண் கொட்டி, புல் ஷீட்டை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெட்டிய துண்டில் வேர்கள் வெள்ளையாக நேராக இறங்கி வந்து, செம்மண் முடிந்து இடிபாடு தொடங்கும் கோட்டைத் தொட்டதும் படுக்கையாகத் திரும்பி ஓடுவது கண்ணுக்கே தெரியும். தண்ணீரும் அந்த இடத்தில் நின்றுவிடும். அப்படி இருந்தால் மூன்று அங்குலத் துளையால் ஒன்றும் ஆகாது. அந்தப் பகுதியைக் கொத்திப் புரட்டி மறுபடி நட வேண்டியதுதான். செலவுதான், ஆனால் ஒரு தடவையோடு முடியும்.

கரிசல் மண்ணாக இருந்தால் வேறு கணக்கு. அது காயும்போது தானாகவே வெடித்து உள்ளே காற்று விடும், நனைந்தால் உப்பி மூடிக்கொள்ளும். வெறும் துளை போட்டால் அடுத்த மழையில் காணாமல் போய்விடும். துளையை எதையாவது வைத்து நிரப்பினால்தான் பயன்.

கருவிக்கு வருகிறேன். ஆணி வைத்த செருப்பு வாங்கி அனுப்பட்டுமா என்று மகன் கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஆணியோ கடப்பாரையோ குத்தினால் மண் வெளியே வராது, பக்கவாட்டில் நெருங்கி இன்னும் இறுகும். மண்ணைக் குழலாக வெட்டி வெளியே எடுக்க வேண்டும். கோவையில் இருந்துகொண்டு இதற்கு ஆன்லைனில் தேட வேண்டியதில்லை, கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் சொன்னால் போதும். அரை அங்குல ஜிஐ பைப் இரண்டு துண்டு, நான்கு அங்குல இடைவெளியில், காலால் மிதிக்க ஒரு குறுக்குப் பட்டை, மேலே டி மாதிரி கைப்பிடி. பைப்பின் வாயை வெளிப்பக்கமாகச் சரித்து கிரைண்டரில் கூராக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் சரித்தால் மண் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். வாயிலிருந்து நான்கு அங்குலம் மேலே பைப்பின் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். அடுத்த துளையை மிதிக்கும்போது முந்தைய மண் அந்த ஜன்னல் வழியாக வெளியே விழும். நான் செய்யக் கொடுத்தபோது பட்டறைக்காரர், "ஏனுங்ண்ணா, புல்லுக்குப் போயி போர் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே வெல்டிங் வைத்தார்.

மிதிப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்க்ளர் பைப்பும், கேட் விளக்குக்குப் போகும் ஒயரும் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒரு துளை, மூன்று அங்குல ஆழம். வெளியே விழும் மண் செம்மண்ணாக இருந்தால் அங்கேயே காயவிட்டு உதிர்த்துவிடலாம். களிமண்ணாக இருந்தால் வாரி எடுத்துவிட்டு, துளைகளில் மக்கிய உரத்தைத் தூவித் துடைப்பத்தால் தள்ளுங்கள்.

எந்த உரம்? மண்புழு உரம் நல்லது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னை நார்க் கழிவும் சரி, ஆனால் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். மக்காததைப் போட்டால் அது மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம், களை விதை மொத்தமும் அதில்தான் வரும். கரிசல் மண்மேல் கொஞ்சமாக மணல் கலக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். களியும் கொஞ்சம் மணலும் கலந்தால் காளவாய்ச் செங்கல் மாதிரி ஆகிவிடும். எம்-சாண்டில் இருக்கும் தூள் அதைவிட மோசம்.

முடித்த கையோடு தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம் தினமும் லேசாக, அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக. தினமும் ஓஸைப் பிடித்து மேலாக நனைக்கும் பழக்கம்தான் வேரை மேலேயே நிறுத்திவைக்கிறது.

மஞ்சளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதி குளிரால் வந்தது, பங்குனி வெயிலில் தானே மாறும். மாறாவிட்டால் போர்த் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கம் பல இடங்களில் மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்பு, உப்பு கூடியவை. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் புல்லால் எடுக்க முடியாது. அப்போது இளம் இலைதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டிருக்கும். பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசோதித்துத் தருகிறார்கள், அதைச் செய்துவிடுவது நல்லது. இரும்புக் குறைதான் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். போர்டிகோ டைல்ஸில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள், காய்ந்தால் அந்தத் துருக்கறை லேசில் போகாது.