இரண்டு ஏழாம் கிளமெண்டுகள்: உங்கள் ஆண்டுக் குழப்பத்திற்கு விடை

வணக்கம். இளம் வயதிலேயே ஆயரான பியர் தெ லுக்சம்பூருக்கு 1384இல் கர்தினால் பதவி தந்தவரும் 1527இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்திற்கு முந்தைய படி) அளித்தவரும் திருத்தந்தை (போப்) ஏழாம் கிளமெண்ட் என்றே இருப்பதால், ஏதோ ஓர் ஆண்டு அச்சுப்பிழையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளும் சரியே, ஆட்கள்தாம் வேறு.

முதலாமவர் 1378இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1379 முதல் தெற்குப் பிரான்சிலுள்ள அவிஞ்ஞோன் நகரில் ஆண்ட ஜெனீவாவின் ராபர்ட். உரோமையிலும் ஒரு திருத்தந்தை இருந்து, கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாகப் பிரிந்திருந்த பெரும்பிளவுக் காலம் அது. பிரான்சின் ஆதரவு அவிஞ்ஞோனுக்கே இருந்ததால், பதினைந்து வயதுகூட நிரம்பாத பியர் என்ற இந்தப் பிரபு குலத்துச் சிறுவனுக்கு மெட்ஸ் நகர ஆயர் பதவியும் கர்தினால் பதவியும் ஒரே ஆண்டில் கிடைத்தன. (குடும்பச் செல்வாக்கு இல்லாமல் இது நடந்திராது என்பது என் கருத்து.) ஆனால் மெட்ஸுக்குள் நுழையவே அண்ணனின் படைபலம் தேவைப்பட்டது. கடுந்தவத்தால் உடல் நலிந்து, 1387 ஜூலை 2 அன்று, பதினெட்டு நிரம்பும் முன்பே இறந்த அவர், தம் விருப்பப்படியே அவிஞ்ஞோனின் ஏழைகள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவிஞ்ஞோன் ராபர்ட்டைத் திருச்சபை பின்னர் எதிர்த்திருத்தந்தையாக, அதாவது முறையற்றுப் பதவி கோரியவராகக் கருதி, திருத்தந்தையர் வரிசையில் சேர்க்கவில்லை. அதனால்தான் 1523இல் பொறுப்பேற்ற ஜூலியோ தெ மெதிச்சி அதே பெயரையும் எண்ணையும் சூட்டிக்கொள்ள முடிந்தது. 1527இல் பட்டம் அளித்தவர் அவரே.