எண்ணூறா, எண்ணூரா? கைபேசியிடம் எண் சொல்லும் முறை

கேள்வி: காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஏலத்தில் எடுத்த மீனின் எடை, விலை, யாருக்கு எத்தனை பெட்டி என்பதையெல்லாம் கைபேசியில் பேசியே பதிவு செய்கிறேன்; கை எப்போதும் ஈரமாக இருப்பதால் தட்டி எழுத முடிவதில்லை. மற்ற சொற்கள் ஓரளவு சரியாக வருகின்றன, எண்கள் மட்டும் மாறிவிடுகின்றன. போன வாரம் 150 என்று சொன்னது 109 என்று பதிவாகியிருந்தது. இரவு கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் மாமியார் பேசினால் இன்னும் அதிகப் பிழை. எங்கள் பேச்சுத் தமிழ்தான் காரணமா? எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிடலாமா?
வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் தமிழில் குறை எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 150 எப்படி 109 ஆயிற்று என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "நூத்தி அம்பது." "நூத்தி ஒம்பது." இரண்டுக்கும் நடுவே மாறுவது ஒரே ஓர் உயிரெழுத்து. அதுவும் வேகமாகச் சொல்லும்போது "நூத்தியம்பது", "நூத்தியொம்பது" என்று யகரத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் குறுகிவிடுகிறது. பக்கத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடினால் மனிதர் காதே தடுமாறும். ஆனால் உங்கள் எதிரில் நிற்பவர் "அம்பதா, ஒம்பதா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவார். கைபேசி கேட்காது, தனக்குத் தோன்றியதை எழுதிவிடும்.

மற்ற சொற்கள் சரியாக வருவதற்கும் எண்கள் மாறுவதற்கும் காரணம் ஒன்றுதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒலியை மட்டும் நம்புவதில்லை, அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்து ஊகிக்கிறது. "வஞ்சிரம் ரெண்டு பெட்டி" என்பதில் கடைசிச் சொல் தெளிவாக விழாவிட்டாலும் அது "பெட்டி"யாகத்தான் இருக்கும் என்று அதனால் தேற முடியும். எண்ணுக்கு அந்தத் துணை கிடையாது. "கிலோ 150 ரூபாய்" என்பதும் "கிலோ 109 ரூபாய்" என்பதும் வாக்கியமாகச் சரியானவையே. சங்கரா மீன் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

தனித்தனி இலக்கங்களைக் கேட்டறிவது பழைய வித்தை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1952-இல் 'ஆட்ரி' என்ற கருவி 0 முதல் 9 வரை கேட்டுப் புரிந்துகொண்டது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் நடுவே நிறுத்திச் சொல்ல வேண்டும், யார் குரலுக்குப் பழக்கினார்களோ அவர் பேசினால்தான் நன்றாக வேலை செய்யும். கடினம் தொடங்குவது நாம் இயல்பாகப் பேசும்போது, எண்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போதுதான்.

தமிழ் எண்களின் உயிரே அந்த ஒட்டில் இருக்கிறது. இந்தியில் 1 முதல் 99 வரை பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாகவே மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் சில சொற்களை வைத்துக்கொண்டு மூட்டுப் போட்டே எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம். "இருபது, அஞ்சு" என்றால் இரண்டு எண்கள். "இருபத்தஞ்சு" என்றால் ஓர் எண். "நூறு, அம்பது" என்றால் நூறோ ஐம்பதோ, ஏதோ ஒன்று. "நூத்தி அம்பது" என்றால் 150. 'நூறு' என்பது 'நூற்று' ஆகும்போதும் 'ஆயிரம்' என்பது 'ஆயிரத்து' ஆகும்போதும் "நில், இன்னும் வருகிறது" என்று மொழியே அறிவிப்புக் கொடுக்கிறது. இத்தனை தெளிவான அடையாளம் கையில் இருக்க, அவசரத்தில் அதை விழுங்கிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். மூட்டை அழுத்திச் சொல்லுங்கள்: "நூற்று… ஐம்பது." ஐம்பதை "அம்பது" என்று சொல்லாமல் 'ஐ' முழுதாகக் கேட்கும்படி சொன்னால் உங்கள் 109 தொல்லை பெரும்பாலும் தீரும்.

எழுநூறும் எண்ணூறும் இன்னொரு சிக்கல். எழுநூறில் நடுவிலுள்ள உகரம் தேய்ந்தால் "எள்நூறு" ஆகி எண்ணூறின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் பகுதிக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. நம் பேச்சில் ரகரமும் றகரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. "எண்ணூருக்கு ரெண்டு பெட்டி" என்று நீங்கள் சொன்னால், அது எண்ணூருக்கு அனுப்ப வேண்டிய பெட்டியா, எண்ணூறு ரூபாய்க்கு விற்ற பெட்டியா என்பதை ஒலியை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. திருவொற்றியூரைத் தாண்டினால் எண்ணூர் என்று தெரிந்த நமக்கே சூழல் இருந்தால்தான் விளங்குகிறது. ஆகவே ஊரைச் சொல்லும்போது "எண்ணூர் மார்க்கெட்" என்றும் தொகையைச் சொல்லும்போது "எண்ணூறு ரூபாய்" என்றும் சேர்த்தே சொல்லுங்கள். எந்த எண்ணுக்கும் இதுவே வழி: கிலோ, பெட்டி, ரூபாய் என்று ஓர் அலகு பின்னாலேயே வரட்டும். அலகு வந்துவிட்டால் முன்னால் வந்தது எண்தான் என்பது மென்பொருளுக்கு உறுதியாகிவிடும்.

ஒலியைச் சொல்லாக்கிய பிறகு, சொல்லை இலக்கமாக்கும் வேலை தனியாக நடக்கிறது. இங்கேதான் கால், அரை, முக்கால் அடிபடுகின்றன. "ரெண்டே முக்கால் கிலோ" என்றால் 2.75 என்பது நமக்கு இயல்பு. ஆனால் "ரெண்டே கிலோ" என்றால் இரண்டு கிலோ மட்டும்தான் என்று பொருள். ஒரே ஏகாரம் ஓரிடத்தில் கூட்டுகிறது, ஓரிடத்தில் வரம்பு கட்டுகிறது. "நாலஞ்சு பெட்டி" நாற்பத்தைந்து பெட்டி ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. கணக்குக்கென்று பேசும்போது "இரண்டு கிலோ, எழுநூற்று ஐம்பது கிராம்" என்று விரித்துச் சொல்வதே பாதுகாப்பு. உத்தேச எண்ணைச் சொல்லவே வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு மாற வேண்டுமா? விலைக்கும் எடைக்கும் வேண்டாம். அங்கே "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" என்று இதே குழப்பம் வேறு உருவில் காத்திருக்கிறது. தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கில எண்ணைச் செருகினால் மென்பொருளுக்கு எந்த மொழி என்ற சந்தேகமும் சேர்ந்துவிடும். கைபேசி எண்ணை மட்டும் உங்கள் வழக்கப்படி ஆங்கிலத்தில், ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லலாம். "டபுள் நைன்" மட்டும் வேண்டாம். பத்து இலக்கம் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

துறைமுகத்தில் சத்தத்தைக் குறைக்க உங்களால் முடியாது, தூரத்தைக் குறைக்க முடியும். கைபேசியை வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடிப்பதற்குப் பதில் 15 செ.மீ. தொலைவில் பிடித்தால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் வலுவாக அதற்குள் போகும். படகு இன்ஜின் சத்தம் அப்படியே இருக்கும். கத்த வேண்டாம். கத்தும்போது உயிரொலிகள் நீண்டு உருமாறுகின்றன, கருவி பயின்ற குரலிலிருந்து நீங்கள் விலகிப்போகிறீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி. பேச்சை எழுத்தாக்க 2022-இல் வந்த 'விஸ்பர்' மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. பேசிய மொழியிலேயே எழுதப் பழக, ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து அதில் இருந்தது 1,17,000 மணி நேரம்தான். அதற்குள் தமிழின் பங்கு, அதற்குள் வடசென்னைப் பேச்சு, அதற்குள் ழகரம் யகரமாக ஒலிக்கும் மூத்த பெண்ணின் குரல் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பிழையாகப் பேசவில்லை. அவரைப் போன்றவர்களின் குரல் போதிய அளவு சேகரிக்கப்படவில்லை. சென்னை ஐஐடியின் 'ஏஐ ஃபார் பாரத்' குழு 22 இந்திய மொழிகளில் வாசிப்பை மட்டுமல்லாமல் இயல்பான பேச்சையும் திரட்டியிருக்கிறது. மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரலைக் கொடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வேலை குறைந்திருக்கும்போது அவரையும் உட்கார்த்திவைத்துக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் குரல் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம்.

எவ்வளவு கவனமாகப் பேசினாலும் பிழை வரும் என்றே வைத்துக்கொண்டு, அது தானாகப் பிடிபட வழி செய்துகொள்ளுங்கள். விலையை மட்டும் சொல்லாமல் மூன்றையும் சொல்லுங்கள்: "வஞ்சிரம் பன்னிரண்டு கிலோ, கிலோ அறுநூற்று ஐம்பது ரூபாய், மொத்தம் ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்." எக்செல் தாளில் ஒரு கட்டம் 12-ஐ 650-ஆல் பெருக்கி 7,800 வருகிறதா என்று பார்க்கட்டும். 650 என்பது 750 என்று விழுந்திருந்தால் பெருக்கல் 9,000 காட்டும், கட்டம் சிவப்பாகிவிடும். ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் இருப்பதும் இப்படி மற்ற இலக்கங்களில் நேரும் பிழையைப் பிடிக்கத்தான். மூன்று எண்ணில் ஒன்று மாறினால் தெரிந்துவிடும். இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாறுவது மிக அரிது.

கட்டம் சிவப்பானால் எது சரி என்று பார்க்க ஒலி தேவைப்படும். அதனால் எழுத்தோடு குரல் பதிவையும் இரவுக் கணக்கு முடியும்வரை அழிக்காதீர்கள். யுபிஐ ரகசிய எண், ஓடிபி இரண்டையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கைபேசியிடம் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுத் தட்டுங்கள்.