கதீற்றர் திரும்பத் திரும்ப அடைப்பது பற்றி
தம்பி, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அப்பாவுக்குக் கதீற்றர் (சலம், அதாவது சிறுநீர், வெளியேற வைக்கும் குழாய்) மாற்றி ஒரு கிழமைக்குள் திரும்பவும் அடைக்கிறது, வெள்ளை மணல் போல வருகிறது, சலம் அமோனியா மாதிரி மணக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாவம் மனுசன். தண்ணீர் குறைவாகக் குடிப்பது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. புரோட்டியஸ் என்ற பக்டீரியாவாக இருக்கலாம். அது யூரியேஸ் என்ற நொதியால் சலத்திலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கும். அதனால் சலத்தில் காரத்தன்மை ஏறும். அப்போது கரைந்திருந்த மக்னீசியமும் கல்சியமும் பொசுபேற்றுடன் சேர்ந்து படிகமாகிக் குழாயை அடைக்கும். சலத்தில் வழக்கமாகத் தொற்றும் ஈ.கோலை என்ற பக்டீரியாவுக்கு இந்த வேலை பெரும்பாலும் தெரியாது.

பார்மசியில் நீங்களே மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டி, யூரின் கல்ச்சரோடு (சலத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்கானும் கேளுங்கள். அந்தப் படிகம் உள்ளே கல்லாகி, கல்லுக்குள் கிருமி இருந்தால் மருந்து முடிந்ததும் திரும்பி வரும். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், சலம் முற்றாக நின்றால், உடனே கொண்டுபோங்கள்.