ஜிலேபி ஏன் சிறுத்துப்போனது? ஏரி மீன்கள் பற்றிய கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் சின்ன ஏரிகளில் மீன் குறைவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஏரியில் ஜிலேபி மீன் (திலேப்பியா) முன்பெல்லாம் உள்ளங்கை அகலம் இருக்கும். இப்போது வீச்சு வலை போட்டால் கூடை நிறைகிறது, ஆனால் எல்லாமே விரல் நீளம்தான். தண்ணீர் கெட்டுவிட்டதா?
– வாசகர், போச்சம்பள்ளி

தண்ணீரைச் சந்தேகிப்பதற்கு முன், ஏரியில் விரால் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் விரால் அற்றுப்போன ஏரிக்கு உரியவை.

ஜிலேபி நம் நாட்டுக்கு 1952-ல் வந்த மீன். தாய் முட்டையை வாயிலேயே அடைகாத்து, குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் குஞ்சுகளில் பெரும்பங்கு பிழைத்துவிடும். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே சினை பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் வருடத்துக்குப் பல முறை குஞ்சு விடும். இந்தப் பெருக்கத்தை அடக்குவது விரால், வாளை போன்ற வேட்டை மீன்கள்தான். அவற்றைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், இருக்கிற பாசியையும் புழுவையும் ஆயிரம் ஜிலேபிக்குப் பதிலாகப் பத்தாயிரம் ஜிலேபி பங்குபோட வேண்டியிருக்கும். உடம்பு வளர்க்கத் தீனி போதாத ஜிலேபி, சின்ன உடம்பிலேயே சினை பிடித்துவிடுகிறது. நெருக்கடி மிகுந்த ஏரிகளில் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஜிலேபி கூடச் சினையோடு இருக்கும். ஒன்றை அறுத்துப் பாருங்கள், உள்ளே முட்டை தெரியும்.

பெரிய ஜிலேபியாகப் பொறுக்கி எடுப்பது இன்னொரு காரணம். பெரிதாக வளரும் மீன் வலையில் போக, சிறிதாக இருக்கும்போதே குஞ்சு விடும் மீன் தங்கிவிடுகிறது.

வழி இதுதான்: சின்ன ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், கருவாட்டுக்கோ கோழித் தீவனத்துக்கோ கொடுங்கள். விராலை மட்டும் இரண்டு வருடம் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் கிடைக்கும். ஜிலேபியை மட்டும் அள்ளினால், மிஞ்சியவை தீனி தாராளமாகக் கிடைத்து மறுபடி பெருகிவிடும்.

ஓசூர் பக்கத்து ஏரிகளில் ஞாயிறுதோறும் ராடு, ரீல் எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிறோம். வலைக்காரர்கள் டன் கணக்கில் எடுக்கும்போது எங்கள் நாலு மீன் ஏரியைப் பாதிக்குமா?
– வாசகர், ஓசூர்

எடையில் உங்கள் பங்கு சொற்பம்தான். ஆனால் தவளை பொம்மை இரைக்குப் பாய்வது எந்த மீன் என்று யோசியுங்கள். பெரும்பாலும் பெரிய விரால். பத்துப் பேர் வாரத்துக்கு ஆளுக்கு ஒன்று எடுத்தால் இரண்டு மாதத்தில் எண்பது. ஐந்து ஏக்கர் ஏரி அதைத் தாங்காது.

குஞ்சு காக்கும் காலத்தில் நடப்பது இன்னும் மோசம். விரால் கரையோரப் புல்லில் ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்து, மேலே மிதக்கும் மஞ்சள் முட்டைகளை இடும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்றாக மேலே வந்து மூச்சு விடுவதும் இறங்குவதுமாக நகரும். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு மேல் பொம்மைத் தவளையை இழுத்தால், காவல் நிற்கும் விரால் அதை எதிரி என்று நினைத்துக் கடிக்கும். பசியே இல்லாமல் மாட்டும் மீன் அது. அதைப் பையில் போட்டுக்கொண்டு போனால், கொஞ்ச நேரத்தில் ஜிலேபியும் கெண்டையும் நீர்க்காகமும் சேர்ந்து குஞ்சுகளைத் தின்று முடிக்கும். ஒரு மீனோடு ஒரு தலைமுறையே போகிறது. செம்மஞ்சள் கூட்டம் கண்ணில் பட்டால் அந்தக் கரையை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். பிடித்துவிட்டு உடனே விடலாமே என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. மீன் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு நிமிடமே குஞ்சுகளுக்கு ஆபத்து.

மற்ற நேரங்களில், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுபவர்களுக்கு: மூன்று முள் கொக்கியைத் தவிர்த்து ஒற்றை முள் போடுங்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கினால் வாய் கிழியாமல் கழலும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கையும் சூடான பாறையும் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கொக்கி தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டால் பிடுங்காதீர்கள், தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். விரால் காற்றையே மூச்சிழுக்கும் மீன் என்பதால் தாக்குப்பிடிக்கும். ரோகு, கட்லா போன்ற கெண்டைகள் அப்படியில்லை. கடல்மட்டக் கணக்கில், 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும் நீர், 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேல்தான் பிடிக்கும். ஓசூர் உயரத்தில் இன்னும் குறையும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில், நீர் வற்றிச் சூடேறிய ஏரியில், பிடித்து விடும் விளையாட்டே வேண்டாம். நீந்திப் போனது போலத் தெரியும் கெண்டை மறுநாள் கரை ஒதுங்கும்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். கொக்கின் காலில் சுற்றினால் அறுத்துக்கொள்ள அதனால் முடியாது.

மீன்பாசி ஏலம் (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் கோடை வந்ததும் கொசுவலை போட்டு ஏரியைத் துடைத்துவிடுகிறார். எதைக் கேட்டு வாங்கலாம்?
– வாசகர், காரிமங்கலம்

குத்தகை பசலி ஆண்டோடு (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு), அதாவது ஜூன் 30-ல் முடிகிறது. அடுத்த வருடம் ஏரி தனக்கு வருமா என்று தெரியாதவர் எதையும் மிச்சம் வைக்க மாட்டார். அவரைத் திட்டுவதை விட, ஏலம் விடும்போதே நிபந்தனையை எழுதச் சொல்வது பயன் தரும்.

முதலில் வலைக் கண்ணி. அளவு பேசும்போது முடிச்சுக்கு முடிச்சா, இழுத்துப் பிடித்த அளவா என்று தெளிவாக எழுத வேண்டும், இரண்டுக்கும் இரு மடங்கு வித்தியாசம். அரைக் கிலோவுக்குக் குறைந்த ரோகு தப்பிக்க வேண்டுமானால், செவுள் வலையின் (மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் வலை) இழுத்த கண்ணி 9 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அடுத்தது பள்ளம். மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் பாசனத்துக்குப் போகாது. மடைக்கு முன்னால் உள்ள அந்தப் பள்ளத்தை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்று எழுதுங்கள். விராலும் குறவையும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து வாரக்கணக்கில் உயிர் பிழைக்கும், ஆகவே சேற்றைக் கொத்தித் தேடுவதற்கும் தடை வேண்டும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி உபரி நீர் கோடி வழியாக வழியும் நாட்களில், கோடியில் வலை கட்டக் கூடாது. எதிர்நீச்சல் போட்டு மேலேறும் கெளுத்தியும் கெண்டையும் அப்போது சினையோடு வருகின்றன.

வெடி வைப்பதையும் நீரில் நஞ்சு கலப்பதையும் 1897-ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அதற்குத் தனி நிபந்தனை தேவையில்லை, புகார் கொடுத்தால் போதும்.

பத்து ஏக்கர் ஏரியில் இளைஞர்கள் சேர்ந்து மீன்குஞ்சு விட நினைக்கிறோம். எத்தனை விடலாம்? தானாகவே பெருகாதா?
– வாசகர், பாலக்கோடு

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் குஞ்சு பொரிக்காது. மழை வெள்ளம் ஓடும் ஆறுதான் வேண்டும். ஊசி போட்டு அவற்றைச் சினையிட வைக்கும் முறை 1957-ல் நம் நாட்டில் வெற்றி கண்டது, அதன் பிறகுதான் பண்ணைக் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது. ஆகவே பிடித்த கெண்டைக்கு ஈடாக வருடாவருடம் விட்டே ஆக வேண்டும். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் பெறும் பாரூர் ஏரிக்கு ஆற்றோடு மீன் வர வழியுண்டு, வானம் பார்த்த ஏரிக்கு அதுவும் இல்லை.

ஹெக்டேருக்குச் சுமார் 2,000 குஞ்சு போதும். பத்து ஏக்கர் என்பது 4 ஹெக்டேர், ஆக 8,000: கட்லா 3,200, ரோகு 2,400, மிர்கால் 2,400. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும், அதனால் சண்டை குறைவு. ஆனால் ஏரி ஜனவரியில் பாதியாகச் சுருங்குமானால், கணக்கைப் பாதிப் பரப்புக்கே போடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

குஞ்சு 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 2 சென்டிமீட்டர் குஞ்சை வாங்கினால் விராலுக்குச் சாப்பாடு போட்டது போலத்தான். ஏரி நிறையும் செப்டம்பர், அக்டோபரில், காலை வேளையில், பாலிதீன் பையை இருபது நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு திறந்துவிடுங்கள்.

சீக்கிரம் வளரும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விற்கிறார்கள். விடலாமா?
– வாசகர், பென்னாகரம்

வேண்டவே வேண்டாம். மத்திய அரசு தடை செய்த மீன் அது. நாட்டு மீன்களைக் குஞ்சிலேயே தின்னும். உங்கள் ஊர் ஓடைகள் சேரும் காவிரிக்கும் வெள்ளத்தில் போய்விடும். ஒருமுறை நுழைந்தால் வெளியேற்ற முடியாது.

ஏரி மீள்கிறதா என்று நிபுணர் இல்லாமல் எப்படி அறிவது?
– வாசகர், ஊத்தங்கரை

ஒரு நோட்டும் ஒரு ஸ்கேலும் போதும். மாதம் ஒருநாள், ஒரே இடத்தில், ஒரே வலையைப் பத்து முறை வீசுங்கள். எத்தனை மீன், என்னென்ன இனம், ஜிலேபியில் முதலில் வந்த முப்பதின் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். வலையை மாற்றினால் ஒப்பிட முடியாது. மழைக்காலத்தில் கரையைச் சுற்றி நடந்து, எத்தனை இடத்தில் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் தெரிகிறது என்றும் எண்ணிக் குறியுங்கள். நீர்மட்டத்தையும் மடைக் கல்லில் பார்த்து எழுதுங்கள், ஏனென்றால் ஏரி சுருங்கும்போது மீன் நெருங்கி, அதிகம் இருப்பது போல வலை பொய் சொல்லும். சென்ற வருடம் இதே மாதத்தில், நீர்மட்டமும் இதே அளவு இருந்தபோது எழுதிய கணக்கோடு மட்டுமே ஒப்பிடுங்கள். குஞ்சுக் கூட்டம் கூடி, ஜிலேபியின் எண்ணிக்கை குறைந்து, நீளம் ஏறினால் விரால் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.